ஆர்டிஐ மனு: ஆன்லைனா, தபாலா, நேரில் போய்க் கோப்பைப் பார்ப்பதா?

மாநில அரசு அலுவலகத்தில் இருந்து ஒரு ஆவணம் வாங்க வேண்டும் என்றதும் தமிழ்நாட்டில் பலரும் கேட்பது, "ஆன்லைனில் போடலாமா, தபாலில் அனுப்பலாமா?" என்பதைத்தான். மூன்றாவதாக ஒரு வழியும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலேயே (ஆர்டிஐ) இருக்கிறது: நேரில் போய்க் கோப்பைப் பார்ப்பது. எனக்கு அதிகம் கைகொடுத்தது அதுதான்.

முதலில் ஒன்று. பட்டா, அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), வில்லங்கச் சான்று போன்றவைதான் தேவை என்றால் ஆர்டிஐ பக்கமே போக வேண்டாம். வருவாய்த் துறை, பதிவுத் துறை இணையதளங்களில் கிடைப்பதற்கு 30 நாள் காத்திருப்பானேன்?

ஆன்லைன் மனுவில் அலைச்சல் இல்லை. பத்து ரூபாயை அங்கேயே கட்டலாம், பதிவு எண் வந்துவிடும், "உங்கள் மனு வரவே இல்லையே" என்று யாரும் சொல்ல முடியாது. அரசாணை, துறை அளவிலான கொள்கை முடிவு, தலைமைச் செயலகக் கடிதம் இதெல்லாம் கேட்க இதுவே போதும். ஆனால் நமக்கு வேண்டிய கோப்பு பெரும்பாலும் கீழே ஒரு கோட்ட அலுவலகத்தில் இருக்கும். மேலே போட்ட மனுவை 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்ற வேண்டும் என்கிறது பிரிவு 6(3). நடைமுறையில் அது ஒவ்வொரு மேஜையாக இறங்கி வருவதற்குள் நமக்குப் பொறுமை போய்விடும்.

கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் தபால்தான் மேல். வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, "பொது தகவல் அலுவலர்" என்று பதவிக்கே முகவரி எழுதி, ஒப்புகையுடன் அனுப்புங்கள். அந்த ஒப்புகையைப் பத்திரமாக வையுங்கள். மேல்முறையீட்டுக்கு நாள் கணக்கு அதில் இருந்துதான் போடப் போகிறோம்.

எந்த வழியில் போனாலும் "ஏன்" என்று கேட்காதீர்கள். பதிவேட்டில் இருப்பதைத்தான் தருவார்கள். இல்லாத தகவலை நமக்காகத் தயாரித்துத் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. "சாலை ஏன் பெயர்ந்தது?" என்ற கேள்விக்குப் பதில் வராது. "பணி ஆணையின் நகல் தருக" என்றால் வந்தாக வேண்டும்.

சரி, அந்தத் தாளின் பெயரே நமக்குத் தெரியாவிட்டால்? எங்கள் தெருச் சாலை விஷயத்தில் எனக்கு நடந்தது அதுதான். "பணி தொடர்பான அனைத்து ஆவணங்களும்" என்று தபாலில் கேட்டேன். "குறிப்பாகக் கேட்கவும்" என்று ஒரு வரியில் பதில் வந்தது. எதைக் குறிப்பிடுவது? அப்புறம் பிரிவு 2(ஜே)-ஐ மேற்கோள் காட்டி, கோப்பை நேரில் பார்வையிட வேண்டும் என்று இன்னொரு மனு போட்டேன். நாள் குறித்துக் கடிதம் வந்தது.

நாடா கட்டிய கோப்பை மேஜையில் வைத்தார்கள். அலுவலர்கள் எழுதும் குறிப்புகள் இருக்கும் குறிப்புக் கோப்பு தனி, கடிதங்கள் இருக்கும் நடப்புக் கோப்பு தனி. கூடவே எம்-புக், அதாவது வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம். அப்படி ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ஜல்லி விரித்து அளவு எடுத்ததாக அதில் ஒரு தேதி இருந்தது. அந்தத் தேதியில் எங்கள் தெருவில் ஜல்லியே இறங்கவில்லை. நான்கு பக்கத்துக்கு மட்டும் சான்றிட்ட நகல் கேட்டேன். பக்கத்துக்கு 2 ரூபாய், மொத்தம் 8 ரூபாய். முதல் ஒரு மணி நேரம் பார்வையிடக் கட்டணம் கிடையாது. போட்ட பொருளின் மாதிரியைச் சான்றுடன் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்கவும் அதே பிரிவில் இடம் இருக்கிறது.

இந்த வழியிலும் சிரமம் உண்டு. ஒரு வேலைநாள் போகும். அலுவலகத்தில் எல்லோரும் நம்மையே பார்ப்பார்கள். தனியாகப் போகிறவருக்கு, அதிலும் சின்ன ஊரில், அது லேசான விஷயமில்லை. கூட ஒருவரை அழைத்துவர அனுமதி வேண்டும் என்பதை மனுவிலேயே எழுதிவிடுங்கள். பெயர் தெரிந்த ஒரே ஒரு தாள்தான் வேண்டும் என்றால் இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, தபாலே போதும்.

30 நாளில் பதில் வராவிட்டால் மூன்று வழிக்கும் அடுத்த படி ஒன்றுதான். அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அங்கும் நடக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். கெடு தாண்டினால் நகலுக்குக் கட்டணம் கேட்கக் கூடாது. தகுந்த காரணமின்றித் தாமதம் செய்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை ஆணையம் அபராதம் போடலாம்.

பார்வையிடக் கேட்கும் மனுவில் நான் எழுதும் வரி இது: "மேற்கண்ட பணியின் குறிப்புக் கோப்பு, நடப்புக் கோப்பு, மதிப்பீடு, அளவுப் புத்தகம் ஆகியவற்றை நேரில் பார்வையிடவும், நான் குறிப்பிடும் பக்கங்களுக்குச் சான்றிட்ட நகல் பெறவும் நாளும் நேரமும் தெரிவிக்க வேண்டுகிறேன்."