புல்லட் ஜர்னல்: சில வருடங்கள் எழுதிப் பார்த்த பிறகு

செய்ய வேண்டிய வேலைகளையும் குறிப்புகளையும் ஒரே நோட்டில் கையால் எழுதி வைக்கும் முறைதான் புல்லட் ஜர்னல். நியூயார்க் வடிவமைப்பாளர் ரைடர் கேரல் 2013-ல் வெளியிட்டது. சிறு வயதிலேயே கவனக் குறைபாடு இருப்பதாகக் கண்டறியப்பட்டவர். தனக்காக உருவாக்கிக்கொண்டதைத்தான் பிறகு ஊருக்குச் சொன்னார். ஸ்டிக்கர் ஒட்டி, கலர் கலராக இன்ஸ்டாகிராமில் வருவதைப் பார்த்து மிரள வேண்டாம். மூல முறையில் அலங்காரமே கிடையாது. செய்ய வேண்டியதற்குப் புள்ளி, நிகழ்ச்சிக்கு வட்டம், குறிப்புக்குச் சிறு கோடு. முடிந்தால் புள்ளி மேல் பெருக்கல் குறி. முதலில் பொருளடக்கம், அடுத்து வரப்போகும் மாதங்கள், அப்புறம் நடப்பு மாதம், நாள். நான் சாதாரண ரூல்டு நோட்டில்தான் எழுதுகிறேன்.

டென்ஷன் குறைந்ததா என்றால், குறைந்தது. ஆனால் தினமும் எழுதியதால் அல்ல, மாதக் கடைசி வேலையால். முடியாத ஒவ்வொன்றையும் அடுத்த மாதப் பக்கத்தில் கையால் திரும்ப எழுத வேண்டும். பழைய புள்ளியை அம்புக்குறியாக்க வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் அதில்தான் விஷயமே இருக்கிறது. 'கிடார் வகுப்பு விசாரிக்க' என்று மறுபடியும் எழுத ஒரு கட்டத்தில் கை வரவில்லை. அடித்துவிட்டேன், நிம்மதி. செயலியாக இருந்திருந்தால் அது தானாகவே மறுநாளுக்கு நகர்ந்து வருடக்கணக்கில் உறுத்திக்கொண்டிருக்கும்.

'அப்பா கணக்குக்கு நாமினி' என்ற வரியோ அடிக்கவும் முடியாமல் முடிக்கவும் முடியாமல் மாதாமாதம் ஊர்ந்தது. ஒரு தடவை அதையே 'பீரோவில் பாஸ்புக் தேட' என்று மாற்றி எழுதினேன். அன்று சாயங்காலமே கிடைத்தது. அந்த வாரமே படிவமும் கொடுத்தாயிற்று. உளவியலாளர்கள் மாசிகாம்போவும் பாமைஸ்டரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வும் இதையொட்டியதுதான்: பாதியில் நிற்கும் வேலை மனதைக் குடைவது அடங்க, அதை முடித்தே ஆக வேண்டும் என்றில்லை, எப்போது, எப்படிச் செய்வது என்று தெளிவாகத் தீர்மானித்தாலே போதும்.

இன்னொன்று, மாதப் பக்கத்தைத் திறந்தால் புள்ளியெல்லாம் ஆபீஸ் வேலையாகவே இருப்பது பளிச்சென்று தெரிந்துவிடும். யாரும் சொல்லிக்காட்டத் தேவையில்லை.

குறைகளும் உண்டு. நோட்டு மணி அடிக்காது. கரண்ட் பில், மாத்திரை நேரம் எல்லாவற்றையும் போனிடம் விட்டுவிட்டேன். பொருளடக்கத்தைச் சோம்பலில் எழுதாமல் விட்டால் பழைய குறிப்பு கிடைப்பது குதிரைக்கொம்பு. தொலைந்தால் தொலைந்ததுதான் என்பதால் மாதப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து வைக்கிறேன். வீட்டில் எல்லோரும் பார்க்க வேண்டிய பட்டியலுக்கு இது சுத்தமாக ஒத்துவராது. மளிகை லிஸ்ட் எங்கள் வீட்டில் இன்னும் பிரிட்ஜ் கதவில்தான்.