டூபாவுக்கு மவுத்பீஸ் வாங்கப் போகிறவர்களுக்கு: வாத்தியத்தைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்

மதுரைப் பக்கம் டூபா, அதாவது பேண்டில் கீழ் சுரம் ஊதுகிற பெரிய பித்தளை வாத்தியம், ஊதுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்தப் பதிவு அவர்களுக்கும், கோயில் பேண்டுக்கு வாத்தியம் வாங்கிப் போடுகிற ஃபாதர்மாருக்கும், பள்ளிக்கூட பேண்டு மாஸ்டர்களுக்கும். எனக்கு 7,800 ரூபாய் போனது. அது போய்த் தொலையட்டும். எங்கள் பங்குக் கோயிலின் பழைய வாத்தியத்தை வாங்கி வைத்துக்கொண்டு, மவுத்பீஸ் செருகுகிற அதன் வாயில் துளை போட்டு அனுப்பினார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எங்களுடையது இ ஃபிளாட் சுருதி டூபா, மூன்று வால்வு. பெல்லில், அதாவது விரிந்த வாயில், பூசி அண்ட் ஹாக்ஸ், லண்டன் என்று செதுக்கியிருக்கும். ராணுவ பேண்டில் ஊதி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் கோயிலுக்குக் கொடுத்தது. அவரிடம்தான் எங்கள் மாஸ்டர் பழகினார், மாஸ்டரிடம் நான். வாத்தியத்தோடு வந்த மவுத்பீஸை, உதடு வைத்து ஊதுகிற கழற்றும் துண்டை, தொலைத்தது நான்தான், மறைக்கவில்லை. மேலூரில் ஒரு கல்யாணம் முடித்துவிட்டு, மவுத்பீஸைக் கழற்றிப் பையில் போடாமல் அப்படியே டாடா ஏஸில் ஏற்றினேன். ஒத்தக்கடை வந்து இறக்கினால் வாத்தியம் மட்டும் இருக்கிறது.

செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள், தேர்பவனி. கையில் பத்து நாள். மாசி வீதிகளுக்குள் இருக்கும் ஒரு கடைக்குப் போனேன். பெயரை இங்கே போடவில்லை. ஆர்மோனியம், தபேலா, கித்தார் எல்லாம் விற்கிற கடை. ஒரு தட்டு நிறைய மவுத்பீஸ் எடுத்து வைத்தார் கடைக்காரர். பளபளவென்று கண்ணைப் பறித்தது. ஒன்றில் 18 என்று குத்தியிருந்தது. “ஜெர்மன் பாக்ண்ணே, ஒரிஜினல், வெள்ளி முலாம்” என்றார்.

அங்கேயே உறைத்திருக்க வேண்டும். பாக் ஜெர்மன் கம்பெனி இல்லை. வின்சென்ட் பாக் ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்கா போனவர். 1918இல் நியூயார்க்கில்தான் மவுத்பீஸ் கடையத் தொடங்கினார். பெயரைக் கேட்டதும் ஜெர்மன் சங்கீத மேதை ஞாபகம் வந்து, நானும் தலையாட்டிவிட்டேன்.

“இது பழைய இ ஃபிளாட். சேருமா?” என்று மட்டும் கேட்டேன். “டூபா மவுத்பீஸ் எல்லாம் ஒரே சைஸ்தாண்ணே” என்றார். இந்த ஒரு வரியை நம்பியதால்தான் மற்ற எல்லாம் நடந்தது. வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போக முடியாது என்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன். 9,500 சொன்னார், பேசி 7,800க்கு இறங்கினார். ரொக்கமாகக் கொடுத்தேன். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் ‘மவுத்பீஸ் 1’ என்று எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து செருகினால் ஒரு விரற்கடை கூட உள்ளே போகவில்லை. திருகித் திருகிப் பார்த்தேன். வெளியே நீட்டிக்கொண்டு, தொட்டால் ஆடுகிறது. மறுநாள் ஆட்டோ பிடித்து வாத்தியத்தோடு போனேன். குழாய் வேலைக்காரர் சுற்றுகிற வெள்ளை டேப் இருக்கிறதே, அதை மவுத்பீஸின் வாலில், வாத்தியத்துக்குள் செருகுகிற பகுதியில், கடைக்காரர் நாலு சுற்றுச் சுற்றி அமுக்கினார். “இப்ப பாருங்க, கும்முனு நிக்கும்.” அன்று ராத்திரி ஒத்திகையில் பாதிப் பாட்டுக்கு மேல் நிற்கவில்லை. காற்று கசிந்து கன்னம்தான் வலித்தது.

மூன்றாவது தடவை போனபோதுதான் அந்த வார்த்தை வந்தது: “விட்டுட்டுப் போங்கண்ணே, நம்ம ஆளு லேசா ஒரசிக் குடுப்பாரு.” மவுத்பீஸை உரசப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் போனால் மவுத்பீஸ் நன்றாக உள்ளே போனது. சந்தோஷமாக வாங்கி வந்தேன். உள்ளே என்ன செய்தார்கள் என்று டார்ச் அடித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

தேர்பவனி அன்று முதல் தெரு தாண்டவில்லை, மானம் போனது. கீழ் சுரம் பிடித்தால் உறுமல் இல்லாமல் ஊசல் சத்தம். மேலே போனால் எங்கே நிற்கும் என்றே தெரியாது. நடக்க நடக்க மவுத்பீஸ் வேறு ஆடுகிறது. டிரம்பெட்காரர்கள் மூன்று பேரும் சமாளித்து இழுத்துக்கொண்டு போனார்கள். மாஸ்டர் திரும்பிப் பார்த்து, “ஏம்ப்பா, பேஸ் என்ன தூங்குதா?” என்றார். தேரைச் சுற்றி ஊரே நிற்கிறது.

அடுத்த வாரம் புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் பாய் ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் வாழ்க்கையில் டூபாவைத் தொட்டதில்லை. ஆனால் மவுத்பீஸின் வாலைக் கையில் எடுத்ததும், “இது டேப்பர்ல இருக்கே, தம்பி. நம்ம ட்ரில் பிட்டு மாட்டுற மோர்ஸ் டேப்பர் மாதிரி” என்றார். டேப்பர் என்றால் நுனியை நோக்கிச் சீராகச் சிறுப்பது. வெர்னியர் என்கிற அளவுகருவி வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய அதேதான்: 20 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. தடிமன் கூடுகிறது. அப்புறம் வாத்தியத்தின் ரிசீவருக்குள், அதாவது மவுத்பீஸ் செருகுகிற குழலுக்குள், அளவெடுத்தார். அங்கே டேப்பரே இல்லை. 14 மி.மீ. ட்ரில்லை நேராக ஓட்டியிருக்கிறார்கள். வால் வாயருகே ஒரு வளையத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு, மிச்சம் அந்தரத்தில் தொங்குகிறது. ஆடாமல் என்ன செய்யும்?

பாய் கெட்டிக்காரர். நான் முதல் நாள் திருகிப் பார்த்ததில் வாலில் ஒரு கீறல் வளையம் விழுந்திருந்தது. நுனியிலிருந்து 10 மி.மீ. தள்ளி, அந்த இடத்தின் தடிமன் 13.7. அப்படியென்றால் பழைய ரிசீவரின் வாய் 13.7 இருந்திருக்க வேண்டும். மவுத்பீஸ் ஓர் அங்குலம், அதாவது 25 மி.மீ. உள்ளே உட்கார வேண்டும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். கணக்குப் போட்டால் எங்கள் வாத்தியத்துக்கு வேண்டிய வால் நுனி 12.45 மி.மீ. நான் வாங்கியது 13.2. முக்கால் மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் இந்த டேப்பரில் அது 15 மி.மீ. ஆழம்.

பிறகு விசாரித்ததில் இது ஒன்றும் பரம ரகசியம் இல்லை என்று தெரிந்தது. டூபா மவுத்பீஸ் வால் பொதுவாக மூன்று அளவில் வரும். பழைய பிரிட்டிஷ் இ ஃபிளாட்டுகளுக்குச் சின்னது, அங்குலக் கணக்கில் 0.490 (12.45 மி.மீ.). பரவலாகக் கிடைக்கும் அமெரிக்க அளவு 0.520 (13.2 மி.மீ.). ஐரோப்பிய வாத்தியங்கள் பலவற்றுக்கு அதையும் விடக் கொஞ்சம் பெரியது. சின்ன வாலைப் பெரிய ரிசீவரில் போட்டால் ஆழமாக இறங்கி அடியில் இடிக்கும். பெரியதைச் சின்னதில் போட்டால் என் கதை. நீளம் கூடுவதால் சுருதி கெடுகிறது என்று சிலர் சொல்வார்கள். இ ஃபிளாட் டூபாவின் குழாயை நீட்டினால் சுமார் 4 மீட்டர். அதில் 15 மி.மீ. எம்மாத்திரம்? கெடுப்பது கசிவும் ஆட்டமும்தான்.

மேலே குத்தியிருக்கும் 18 இந்த வாலைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை. அது உதடு வைக்கிற குழியின் கணக்கு. பாக்கில் 18 என்றால் குழியின் அகலம் 32.6 மி.மீ., 24ஏடபிள்யூ என்றால் 31.25. எண் ஏற ஏறக் குழி சுருங்கும். ஷில்கே கம்பெனியில் நேர் எதிர், எண் ஏறினால் குழி விரியும். யார் வைத்த முறையோ! எண்ணைச் சொல்லி விற்கிறவரிடம் ‘எந்தக் கம்பெனிக் கணக்கில்?’ என்று கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே முழிப்பார்கள்.

ரிசீவரைப் பார்த்த மாஸ்டர் ரொம்ப நேரம் பேசவில்லை. “செருப்புக்காகக் காலைத் தறிச்சுட்டானுங்களேடா” என்றார் கடைசியில்.

கடைக்குப் போய்க் கேட்டேன். “பழைய வாத்தியம்ண்ணே, உள்ள துருப்பிடிச்சு இருந்துச்சு, அதான் சுத்தம் பண்ணோம்.” பித்தளையில் துரு! களிம்பு என்று சொல்லியிருந்தாலாவது அரை மனதாக நம்பியிருப்பேன். வெள்ளி முலாம் என்றார்களே, அதுவும் பொய். வெள்ளியென்றால் வைக்க வைக்கக் கறுக்க வேண்டும். இது மூன்றே வாரத்தில் விளிம்பில் செதில் செதிலாக உரிந்து, என் கீழ் உதட்டில் புண் வந்ததுதான் மிச்சம். வாலின் பக்கமாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நடுத் துளை நடுவிலேயே இல்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. உள்ளே வார்ப்பின் சொரசொரப்பு அப்படியே. பாக் கம்பெனியைக் குறை சொல்லவில்லை, இது பாக்கே இல்லை. உள்ளூர் வேலை என்று சொல்லி 800 ரூபாய்க்கு விற்றிருந்தால் எனக்கு வழக்கே கிடையாது. மீரட்டில் பேண்டு வாத்தியமே செய்கிறார்கள், நாடு முழுக்க ஊதுகிறார்கள். கேவலம் ஒன்றும் இல்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் கூப்பிட்டேன். பில் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. ஆனால் என் கையில் இருப்பது கடைப் பெயர்கூட இல்லாத துண்டுச் சீட்டு. ஜிபேயில் போட்டிருந்தாலாவது ஒரு தடயம் இருந்திருக்கும்.

வாத்தியம் பிழைத்துவிட்டது. ரிசீவர் தனித் துண்டு, ஈயப் பற்றில்தான் நிற்கிறது, அதனால் மாற்ற முடிந்தது. பாய் பித்தளைக் கம்பியில் புதிதாக ஒன்று கடைந்தார். பாத்திரத்துக்குப் பற்று வைக்கிற ஒருவர் வந்து பொறுமையாகப் பழையதைக் கழற்றி இதை வைத்தார். கெட்டது கெட்டுப்போச்சு, இனிமேல் எளிதாகக் கிடைக்கிற 13.2க்கே கடையச் சொல் என்றார் மாஸ்டர். அதில் ஒரு வேடிக்கை: கடையில் வாங்கிய அந்த மவுத்பீஸ் இப்போது ஆடாமல் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆசையாக ஊதிப் பார்த்தேன். ஆட்டம் போனதே தவிர அதே ஊசல் சத்தம். ஆக, ஆட்டம் ஒரு வியாதி, மவுத்பீஸ் இன்னொரு வியாதி.

இந்த முறை வாங்குவதற்கு முன்னால் திண்டுக்கல் பேண்டு நண்பர்களிடம் மூன்று மவுத்பீஸ் இரவல் வாங்கினேன். ஒவ்வொன்றிலும் இரண்டு நாள், எங்கள் பாட்டுகளையே முழுசாக ஊதினேன். புனல் மாதிரி ஆழமான ஹெல்பெர்க் வகை, அமெரிக்க பேண்டு மாஸ்டர் சூசாவின் பேண்டில் டூபா ஊதிய ஆகஸ்ட் ஹெல்பெர்க்கின் பெயர் கொண்டது, கீழ் சுரத்தில் அப்படி ஒரு கனம் கொடுத்தது. ஆனால் நாலாவது பாட்டில் எனக்கு மூச்சு வாங்கியது. என் உதடு மெல்லிசு. 31.25 அகலத்தில் இருந்ததுதான் கடைசிப் பாட்டு வரை தாங்கியது. அதையே பில்லோடு வாங்கினேன். கடையில் நின்று இரண்டு நிமிடம் ஊதிப் பார்த்தால் பெரிய குழியெல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

போன வாரம் அந்தக் கடையைத் தாண்டி வந்தேன். அதே தட்டு கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது, எல்லாம் 18. கிறிஸ்துமஸ் வருகிறது, ஊர் ஊராக பேண்டுக்காரர்கள் வாங்க வருவார்கள். எங்கே வாங்கினாலும் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு போங்கள். மவுத்பீஸைச் செருகி, அது நிற்கிற இடத்தில் வாலில் பென்சில் கோடு போட்டு, கழற்றி அளந்து பாருங்கள். 25 மி.மீ. பக்கத்தில் வரவில்லை என்றால் வேறு எடுக்கச் சொல்லுங்கள். “விட்டுட்டுப் போங்கண்ணே” என்றால் வாத்தியத்தோடு வெளியே வந்துவிடுங்கள். ஒத்தக்கடைப் பக்கம் யாருக்காவது அளக்க வேண்டுமென்றால் எனக்குச் செய்தி போடுங்கள். பாய் கொடுத்த பழைய வெர்னியர் என் வாத்தியப் பையிலேயே கிடக்கிறது.