ஏழு பங்குக்கு ஒரு கமிஷன்

அமெரிக்க ஓடிசி (ஓவர் தி கவுன்டர்) பங்குகள் வாங்குவதற்காகவே இந்த புரோக்கரிடம் கணக்குத் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. பெயர் வேண்டாம். பெரிய நிறுவனம்தான், ஆப்பும் பார்க்க அழகு. 5-க்கு 3 கொடுப்பேன். அதில் இரண்டு, போனில் பேசுகிற டிரேடிங் டெஸ்க் ஆட்களுக்கு.

ஓடிசி என்றதும் மோசடி பென்னி ஸ்டாக் (அடிமாட்டு விலைப் பங்கு) என்று நினைத்துவிட வேண்டாம். அதுவும் உண்டு. ஆனால் ஒரு பங்கே ஆயிரக்கணக்கான டாலர் விற்கும் லாங் பீச்சின் ஃபார்மர்ஸ் அண்ட் மெர்ச்சன்ட்ஸ் வங்கியும் இங்கேதான் இருக்கிறது. நியூயார்க் எக்ஸ்சேஞ்சிலோ நாஸ்டாக்கிலோ பட்டியலாகாத பங்குகளுக்கு மார்க்கெட் மேக்கர்கள் (தாங்களே வாங்கி விற்கும் நிறுவனங்கள்) விலை சொல்லி நடத்துகிற சந்தை இது. நான் வாங்கியது அதைவிட ரொம்பச் சின்ன ஒரு வங்கி. சில நாள் ஒரு பங்குகூடக் கைமாறாது.

வாங்கப் போன அன்று பிட் (வாங்குகிறவர் தர நிற்கும் விலை) 31.00, ஆஸ்க் (விற்கிறவர் கேட்கும் விலை) 33.50. கடைசி விலை 33.50 என்று ஆப் கொட்டை எழுத்தில் காட்டியது. அது ஆறு நாள் பழசு என்பது எங்கேயும் இல்லை. ஒரு மதிப்பெண் இதில் போனது.

200 பங்குக்கு 32.10-க்கு மேல் தரமாட்டேன் என்று லிமிட் ஆர்டர் போட்டு, நான் ரத்து செய்கிறவரை நிற்கட்டும் என்று விட்டேன். அன்று மாலை 7 பங்கு வந்தது. 224.70 டாலர் சரக்குக்கு 6.95 டாலர் கமிஷன், அதாவது 3 சதவீதத்துக்கு மேல்! சாதாரணப் பங்குகளுக்கு இவர்களிடம் கமிஷனே கிடையாது, ஓடிசிக்கு மட்டும் உண்டு. அதுவும் ஒரே ஆர்டர் மூன்று நாளில் பிரிந்து நிறைவேறினால் மூன்று தடவை பிடிப்பார்கள். எனக்கு அப்படித்தான் ஆனது: 7, அப்புறம் 100, அப்புறம் 93. மொத்தம் 20.85. இன்னொரு மதிப்பெண் அங்கே.

மொத்தமும் கிடைத்தால் மட்டும் வாங்கு என்று நிபந்தனை போட்டால் என்ன என்று டெஸ்க்கில் கேட்டேன். எடுத்த அம்மா அவசரப்படாமல் விளக்கினார். போடலாம், ஆனால் அப்படிப்பட்ட ஆர்டரைத் திரையில் காட்ட வேண்டிய கட்டாயம் மார்க்கெட் மேக்கருக்கு இல்லை, விற்க வருகிறவர் கண்ணில் படாமலே கிடக்கும் என்றார். இதை ஆப்பில் எங்கே தேடியும் கிடைக்காது.

விற்றபோது நடந்த தப்பு என்னுடையது. பணம் அவசரமாகத் தேவைப்பட்டது, பிட் 31.00 இருக்கிறதே என்று 150 பங்கை, கிடைத்த விலைக்கு விற்கிற மார்க்கெட் ஆர்டரில் தள்ளிவிட்டேன். 100 பங்கு 31.00-க்குப் போனது. மீதி 50-ஐ 28.75-க்கு எடுத்தார்கள். பிட்டுக்குப் பக்கத்தில் 100 என்று, அதாவது அந்த விலைக்கு 100 பங்குதான் என்று இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. 1 டாலரிலிருந்து 174.99 வரை உள்ள ஓடிசி பங்குக்கு ஃபின்ரா (புரோக்கர்களைக் கண்காணிக்கும் அமெரிக்க அமைப்பு) விதிப்படி மார்க்கெட் மேக்கர் குறைந்தது 100 பங்குக்கு விலை சொன்னால் போதும். 101-ஆவது பங்கு என்ன ஆனால் அவருக்கென்ன?

வாங்குமுன் ஓடிசி மார்க்கெட்ஸ் தளத்தில் பெயரை அடித்துப் பாருங்கள். நிறைய நிறுவனங்களுக்கு லெவல் 2 விலைகளே (ஒவ்வொரு மார்க்கெட் மேக்கரும் சொல்லும் விலையும் அளவும்) அங்கே இலவசம், என் ஆப்பைவிட மேல். எக்ஸ்பர்ட் மார்க்கெட் என்று போட்டிருந்தால் விட்டுவிடுங்கள். நிறுவன விவரம் வெளியில் இருந்தால்தான் பொதுவில் விலை சொல்லலாம் என்கிற 15சி2-11 விதித் திருத்தம் 2021 செப்டம்பர் 28 அன்று நடைமுறைக்கு வந்தபோது, கணக்கு விவரம் வெளியிடாத பல நிறுவனங்கள் அங்கே தள்ளப்பட்டன. நம்மைப் போன்றவர்களுக்கு விலையே தெரியாது. இந்த புரோக்கர் அவற்றை விற்க மட்டும்தான் விடுகிறார்.

மிச்சம் 50 பங்கு. 33.25-க்கு விற்பனை ஆர்டர் போட்டு இன்றோடு பதினோரு நாள். நேற்று 4 பங்கு போனது. கமிஷன் 6.95.