எல்எஸ்50 மெட்டாவுக்குத் துணை எது? ரெல், எஸ்விஎஸ், கெஃப் சப்வூஃபர்கள்

கெஃப் நிறுவனத்தின் சிறிய ஸ்பீக்கரான எல்எஸ்50 மெட்டா வைத்திருப்பவர்களுக்கு அதன் ஒரே குறை நன்றாகத் தெரியும். குரலும் வயலினும் கண்முன்னே வந்து உட்காரும். மிருதங்கத்தின் தொப்பியில் எழும் கும்கி என்ற ஆழ்ந்த நாதம் மட்டும் பாதியில் நின்றுவிடும். 5.25 அங்குல டிரைவரிடம் அதற்கு மேல் கேட்பது நியாயமில்லை. நிறுவனம் தரும் கணக்கிலேயே 79 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி சரிகிறது, 47 ஹெர்ட்ஸில் 6 டெசிபல் இறங்கிவிடுகிறது. நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் அடி ஸ்வரமோ 41 ஹெர்ட்ஸ்.

சரி, அடி ஒலிகளுக்கென்றே தனிப் பெட்டியாக வரும் சப்வூஃபர் தேவை. நான் மாற்றி மாற்றி யோசித்தவை மூன்று: ரெல் டி/7எக்ஸ், எஸ்விஎஸ் எஸ்பி-1000 ப்ரோ, கெஃப் கேசி62. விலையில் எஸ்விஎஸ் அடிமட்டம், கெஃப் உச்சம்.

'எவ்வளவு கீழே போகும்?' என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நிறுவனங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் கேசி62 11 ஹெர்ட்ஸ், எஸ்பி-1000 ப்ரோ 20, டி/7எக்ஸ் 30. அளக்கும் முறை ஆளுக்கொன்று என்பது ஒருபுறம் இருக்க, பியானோவின் கடைசிக் கட்டையே 27.5 ஹெர்ட்ஸ்தான். படத்தில் வெடிகுண்டு வெடிக்க இந்த எண்கள் உதவும். பாட்டுக் கேட்பவர் பார்க்க வேண்டியது, சப் ஸ்பீக்கரோடு எங்கே, எப்படி ஒட்டுகிறது என்பதை.

அந்த ஒட்டும் வேலையில் ரெல்லுக்குத் தனிப் பாதை உண்டு. சிக்னலை ஆம்பின் (ஆம்ப்ளிஃபயரின்) ஸ்பீக்கர் முனைகளிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. சிவப்பு ஒயர் வலது பாசிட்டிவில், மஞ்சள் இடது பாசிட்டிவில், கறுப்பு ஏதாவது ஒரு நெகட்டிவில். ஸ்பீக்கருக்குப் போகும் அதே ஒலி, ஆம்பின் குணத்தோடு, சப்புக்கும் போகிறது. ஆம்புக்கு இதனால் கூடுதல் சுமை கிட்டத்தட்ட இல்லை. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: கிளாஸ் டி என்ற வகை ஆம்புகள் பலவற்றில் கறுப்பு ஒயரை நெகட்டிவில் மாட்டக் கூடாது, ஆம்பின் உடல் எர்த்தில்தான் மாட்ட வேண்டும். மாட்டும் முன் விற்றவரிடம் கேட்டுவிடுங்கள்.

டி/7எக்ஸுக்கு முன்னால் 8 அங்குல டிரைவர், அடியில் 10 அங்குல பாஸிவ் ரேடியேட்டர் (மின்சாரமின்றிப் பெட்டிக்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்தால் அசையும் கூம்பு), உள்ளே 200 வாட் கிளாஸ் ஏபி ஆம்ப். இதைச் சேர்த்ததும் பேஸ் கூடியதாகத் தோன்றவில்லை, மேடை அகலமானதாகத் தோன்றியது. மிருதங்கம் வாசிப்பவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதுகூடத் துலங்கியது. மூன்றில் என் மனம் சாய்ந்தது இதன் பக்கம்தான்.

ஆனால் அறை என்று ஒன்று இருக்கிறதே! என்னுடையது 14 அடி நீளம், நாலு பக்கமும் காங்கிரீட். ஒலியின் வேகத்தை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் 40 ஹெர்ட்ஸ் வருகிறது. அந்த அலை அறைக்குள் சிக்கிக்கொண்டு முழங்கும். 80-களின் திரைப்பாடல்களில் பேஸ் கிட்டார் தனி மெட்டாக ஓடுமே, அது அடிக் கம்பியைத் தொடும்போதெல்லாம் அந்த ஒரு ஸ்வரம் மட்டும் வீங்கியது. சப்பை நாற்காலி இருந்த இடத்தில் வைத்துவிட்டு, சுவரோரம் முட்டிபோட்டு நகர்ந்து காது கொடுத்துக் கேட்டேன். ஸ்வரங்கள் சமமாகக் கேட்ட இடம் வாசற்கதவு திறக்கும் இடம். அங்கே எப்படிப் பெட்டி வைப்பது? மூலைதான் மிச்சம். டி/7எக்ஸில் லெவல், கிராஸ்ஓவர் (சப் எந்த ஹெர்ட்ஸ் வரை ஒலிக்க வேண்டும் என்பது), ஃபேஸ் (அதன் அலை ஸ்பீக்கர் அலையோடு ஒத்துப்போகச் செய்வது) தவிரத் திருத்த வேறொன்றும் இல்லை.

இங்கேதான் எஸ்பி-1000 ப்ரோ கைகொடுக்கிறது. 12 அங்குல டிரைவர், 325 வாட், மூடிய பெட்டி. இவற்றைவிடப் பெரிய விஷயம் அதன் ஃபோன் செயலி. அதில் மூன்று பாராமெட்ரிக் ஈக்யூ உண்டு, அதாவது குறிப்பிட்ட ஒரு ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் கூட்டலாம், குறைக்கலாம். 40 ஹெர்ட்ஸில் ஒரு வெட்டு போட்டதும் முழக்கம் அடங்கியது. எல்எஸ்50 அந்த ஆழத்தில் பெரிதாக எதுவும் எழுப்புவதில்லை. ஆகவே வீங்குவது பெரும்பாலும் சப்பின் ஒலிதான், சப்பில் வெட்டினாலே போதும். தானே அடி பேஸ் எழுப்பும், தரையில் நிற்கும் பெரிய ஃப்ளோர்ஸ்டாண்டிங் ஸ்பீக்கராக இருந்தால் இந்த வசதி இவ்வளவு உதவாது. ஒட்டுவதில் எஸ்விஎஸ் ரெல்லை விட ஒரு படி கீழேதான். கிராஸ்ஓவரை 60 ஹெர்ட்ஸில் வைத்துத் தொடங்கி, ஃபேஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, இரண்டு மாலைகள் செலவழித்த பிறகுதான் சப் இருக்கும் இடம் காதுக்குத் தெரியாமல் போனது.

கேசி62-இன் அழகு அதன் அளவு. சுமார் 25 சென்டிமீட்டர் கனசதுரம், உள்ளே முதுகோடு முதுகாக இரண்டு 6.5 அங்குல டிரைவர்கள், 1000 வாட். இரண்டும் எதிரெதிர் உதைப்பதால் பெட்டியின் மேல் கை வைத்தால் அதிர்வே தெரியாது. சத்தம் கூடக் கூட உள்ளிருக்கும் மின்னணுச் சில்லு அடி பேஸைக் கட்டுப்படுத்திவிடும். சிறிய பெட்டிக்கு வேறு வழியும் இல்லை. சுவர், மூலை, அப்பார்ட்மென்ட் என்று தயார் அமைப்புகள் இருக்கின்றன. ஆனால் என் 40 ஹெர்ட்ஸைக் குறிவைத்து வெட்ட முடியாது.

என் வீட்டில் நின்றது எஸ்விஎஸ். பெட்டியை நகர்த்த இடமிருக்கிற ஹால், மனதுக்குப் பிடித்த ஆம்ப், கேட்பது பெரும்பாலும் கச்சேரிப் பதிவு என்றால் டி/7எக்ஸ்தான் வாங்கச் சொல்வேன். கேசி62, சோஃபாவுக்கும் அலமாரிக்கும் நடுவே ஒரு அடி இடம்தான் இருக்கிறது என்பவர்களுக்கு.