பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய மூன்று படக்கதைகள்

போன சனிக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பசியாறிவிட்டு, நாலு வயது மகளுக்குத் தமிழ்ப் படக்கதை வாங்கலாம் என்று அங்கே ஒரு கடைக்குள் நுழைந்தேன். ஊதுபத்திக்கும் ஜோதிடப் புத்தகங்களுக்கும் நடுவில் ஒரே ஓர் அடுக்கு. மூன்று புத்தகம், 36 ரிங்கிட்.

ஒன்றுதான் தேறியது. பக்கத்துக்கு ஒரு வரி, தவளை குதிக்கும்போதெல்லாம் "தொபுக்" என்று திரும்பத் திரும்ப வருகிறது, மூன்றாம் நாள் நான் வாயைத் திறக்குமுன் அவளே "தொபுக்!" என்று முடித்துவிட்டாள். அப்புறம் வாசிப்பதை நிறுத்தி, "தவளை ஏன் முழிக்குது?" என்று கேட்டேன். "அதுக்குப் பசிக்குது, ரொட்டி சானாய் வேணுமாம்" என்றாள், முழு வாக்கியமாக! நாம் வாசித்துக்கொண்டே போவதைவிட இப்படிப் பேச வைத்தால்தான் சொல் ஒட்டுகிறது.

மற்ற இரண்டும் வீண். பாலர் பள்ளிப் பிள்ளைக்கு யாராவது "யாதெனில்" என்று எழுதுவார்களா? ஒன்றில் பசை விட்டு நடுப்பக்கமே கழன்றுவிட்டது, மாற்றித் தரக் கேட்டால் "பிள்ள இழுத்திருக்குங்க" என்கிறார் கடைக்காரர்.

சரி, காசு போடுமுன் இந்தியாவின் சிறுவர் நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தைப் பாருங்கள். தமிழ்க் கதைகள் இலவசம், வாசிப்பு நிலை வாரியாகவே பிரித்திருக்கிறார்கள். ஒன்றை அச்செடுத்து நூலால் தைத்துக் கொடுத்தேன், இப்போது அது அவள் தலையணைக்கு அடியில்.