பேரிங் பத்து இருக்கிறது, வேண்டிய இடத்தில் இல்லை

"மீன் பிடிக்க மலிவா ஒரு ராட்-ரீல் செட் பாத்து வெச்சிருக்கேன். நீயும் அந்த மாதிரிதானடா வெச்சிருக்கே, போதுமா?" என்று நண்பன் கேட்டான். போதும் அல்லது போதாது என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் அதே வாரம்தான் என் ரீலில் நரம்பைத் திருப்பிவிடும் சின்ன உருளையான லைன் ரோலரைக் கழற்றி, திட்டிக்கொண்டே சரிசெய்திருந்தேன். விரலிலிருந்து கிரீஸ் வாடை போவதற்குள் கேட்டுவிட்டான். அதனால்தான் பதில் இவ்வளவு நீளம்.

என்னிடம் இருப்பது ஏழடி நீளத்தில் இரண்டு துண்டாக வரும் ஸ்பின்னிங் ராட், கூடவே 3000 அளவு ரீல். மற்ற விவரமெல்லாம் பெட்டி மேலேயே இருக்கும். சில வருடங்களாக நன்னீர், உப்புநீர் இரண்டிலும் போட்டுப் புரட்டியிருக்கிறேன். செட்டோடு சுற்றி வந்த தூண்டில் நரம்பைக் கணக்கில் சேர்க்கவில்லை. நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூலை விட்டு வந்தபின்னும் சுருள் சுருளாகவே நின்றது. அதை உருவிப் போட்டுவிட்டு நல்ல நரம்பாகச் சுற்றுவதுதான் இந்த மாதிரி செட் வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை.

ராட்டைப் பற்றி எனக்குப் புகாரே இல்லை. கண்ணாடி இழையும் கார்பனும் கலந்த சரக்கு. கையில் எடுத்தால் கனம் தெரியும், காலையிலிருந்து லூர் என்கிற போலி இரையை வீசினால் மாலையில் மணிக்கட்டு கேள்வி கேட்கும். விலை கூடிய ராட்களில் வரும் கார்பன் லேசாகவும் விறைப்பாகவும் இருக்கும். மீன் இரையை முகர்ந்து பார்த்தாலே கைக்குத் தெரிந்துவிடும் என்பார்கள், அதில் உண்மையும் உண்டு. ஆனால் அதைப் பாறையில் ஒருமுறை இடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். பிறகு ஒருநாள் நல்ல மீன் மாட்டும் நேரம் பார்த்துப் படாரென்று ஒடியும். கண்ணாடி இழை ராட் வளையும், அப்புறம் இன்னும் வளையும். 1976இல் வந்த அக்லி ஸ்டிக் ராட் இன்றைக்கும் விற்பனையில் இருக்கிறதென்றால் இந்தக் குணத்தால்தான். என் ராட்டும் படகுத் தளத்தில் மிதிபட்டிருக்கிறது, சாமான்களுக்கு அடியில் நசுங்கிக் கிடந்திருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை.

ராட்டில் நரம்பு ஓடுகிற வளையங்களின் மேல் மட்டும் ஒரு கண் இருக்கட்டும். உள்ளே பதித்திருக்கும் பீங்கான் வளையத்தில் கீறல் விட்டால் நரம்பை அரிக்கும். பின்னல் நரம்பு என்றால் பிய்த்தே போட்டுவிடும். காது குடைகிற பஞ்சுக்குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டு மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். கீறல் இருந்தால் பஞ்சு அதில் சிக்கி இழையாக நிற்கும். என் ராட்டில் நுனி வளையம் ஒருமுறை கழன்று வந்தது. பசைக்குச்சியை உருக்கி ஒட்டியதும் சரியாகிவிட்டது.

ரீலில் நான் எதிர்பார்க்காமல் கிடைத்தது டிராக், அதாவது மீன் பலமாக இழுத்தால் நரம்பு அறாமல் விட்டுக்கொடுக்கும் பிடி. பெட்டியில் 'அதிகபட்ச டிராக் 8 கிலோ' என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். 4 கிலோ தாங்கும் நரம்பைச் சுற்றியவனுக்கு அந்த எட்டால் என்ன பிரயோஜனம்? நரம்பின் பலத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் டிராக்கை வைப்பதுதான் வழக்கம். நம் கணக்குக்கு ஒரு கிலோ, மிஞ்சினால் ஒன்றேகால். நரம்பு நுனியில் சின்னத் தராசு ஒன்றை மாட்டி இழுத்தால் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். டிராக் எவ்வளவு பிடிக்கிறது என்பதைவிட முதல் இழுப்பில் எப்படி விடுகிறது என்பதுதான் முக்கியம். ஒட்டிக்கொண்டு நின்று திடீரென்று விட்டால், அந்த ஒரு கணத்தில்தான் நரம்பு அறும். என் ரீலில் இருப்பவை சாதாரண ஃபெல்ட் வாஷர்கள். கார்பன் வாஷர் அளவுக்குச் சூடு தாங்காது, உண்மைதான். ஆனாலும் இன்றுவரை தயங்காமல், ஒரே சீராக விடுகிறது. எப்போதாவது டிராக் கிரீஸ் கொஞ்சம் தடவுவேன். ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் டிராக் குமிழைத் தளர்த்திவிடுவேன், இறுக்கியபடியே போட்டுவைத்தால் ஃபெல்ட் நசுங்கிவிடும். நான் செய்யும் பராமரிப்பு அவ்வளவுதான்.

கைப்பிடியில் கொஞ்சம் ஆட்டம் வந்திருக்கிறது. பெரிய பாரம் வந்தால் பிளாஸ்டிக் உடம்பு லேசாக நெளிவது கையில் தெரிகிறது, அப்போது பல்சக்கரம் முனகும். மலிவு ரீலில் இதெல்லாம் எதிர்பார்த்ததுதான், குறையாகச் சொல்ல மாட்டேன்.

சரி, ரோலருக்கு வருகிறேன்.

நரம்பைப் பிடித்து ஸ்பூலில் சுற்றிவிடும் பெயில் கம்பியின் ஒரு முனையில், சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஓர் உருளை இருக்கும். ராட் வழியாக நேராக வருகிற நரம்பு அந்த இடத்தில்தான் செங்கோணமாகத் திரும்பி ஸ்பூலுக்குப் போகிறது. நீங்கள் சுற்றி எடுக்கும் ஒவ்வொரு அடி நரம்பும் மீனின் பாரத்தோடு அதன் மேல் ஏறித்தான் வர வேண்டும். மீன் டிராக்கை இழுத்துக்கொண்டு ஓடினாலும் நரம்பு அதன் மேல்தான் ஓடும். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் என் ரீலில் முக்கால் மீட்டர் நரம்பு உள்ளே வருகிறது. 8 மி.மீ. விட்டமுள்ள உருளையின் சுற்றளவு சுமார் 25 மி.மீ. அப்படியென்றால் அந்த ஒரு சுற்றுக்குள் ரோலர் முப்பது முறை சுழன்றாக வேண்டும். பெயிலைத் தாங்கி ஸ்பூலைச் சுற்றிவரும் ரோட்டரே அதே நேரத்தில் ஐந்து முறைதான் சுற்றுகிறது. முழு ரீலிலும் வேகமாகச் சுழல வேண்டிய உறுப்பு இதுதான். இந்த இடத்தில் அவர்கள் போட்டிருந்தது பேரிங் அல்ல, ஒரு பிளாஸ்டிக் புஷ், வெறும் குழாய்த் துண்டு.

புதிதில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மெல்லிய கீச்சொலி வர ஆரம்பித்தது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் அடங்கும், சில நாளில் மறுபடி வரும். பிறகு ஒருநாள் ஒலியும் நின்றுவிட்டது. சரியாகிவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். வெயிலில் ரீலைக் கண்ணுக்கருகே பிடித்து, மெதுவாகச் சுற்றிப் பார்த்தேன். நரம்பு நகர்கிறது, உருளை நகரவில்லை. அசையாத உலோகத்தின் மேல் நரம்பு சறுக்கிக்கொண்டு போகிறது. ஓரத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. நகத்தால் தடவினால் உருளையின் நடுவில் மயிரிழை அகலத்துக்கு ஒரு பள்ளம். பின்னல் நரம்பு ஒரே தடத்தில் ஓடி ஓடி அறுத்த பள்ளம்.

அதற்குப் பிறகு எல்லாம் தொல்லைதான். நரம்பு பஞ்சு பஞ்சாகப் பிரிந்தது, முறுக்கேறியது. வீசுவதற்காகப் பெயிலைத் திறந்தால் ஸ்பூலிலிருந்து வளையம் வளையமாகத் துள்ளி விழுந்தது. ராட்டின் முதல் வளையத்தில் அவையெல்லாம் ஒரே கொத்தாய்ச் சிக்கி நிற்க, லூர் மட்டும் அறுத்துக்கொண்டு பறந்தது. மீன் மேல்நீரில் துள்ளிக்கொண்டிருக்கும், நான் குனிந்து உட்கார்ந்து சிக்கு எடுத்துக்கொண்டிருப்பேன்.

நியாயமாகச் சொன்னால், முறுக்குக்கு ரோலர் மட்டும் காரணமில்லை. ஸ்பூல் நகராமல் நிற்க, நரம்பு அதைச் சுற்றி வந்து படிகிற ரீலை இங்கிலாந்துக்காரர் இல்லிங்வர்த் 1905இல் காப்புரிமை எடுத்த நாளிலிருந்தே இந்த வகை ரீலுக்கு முறுக்கு கூடவே பிறந்த வியாதி. மீன் டிராக்கை இழுத்து ஓடும்போது நாம் விடாமல் கைப்பிடியைச் சுற்றினால், 5.2:1 விகித ரீலில் (கைப்பிடி ஒன்று, ரோட்டர் 5.2) ஒரு சுற்றுக்கு ஐந்து முறுக்கு நரம்பில் ஏறும். நரம்பு உள்ளே வருவதில்லை, முறுக்கு மட்டும் வருகிறது. சுழலும் லூர்களை, தானாகச் சுழலும் இணைப்பான ஸ்விவல் இல்லாமல் கட்டினாலும் இதே கதை. ஏறிய முறுக்கை இறக்கவும் வழி உண்டு. நுனியில் ஒன்றும் கட்டாமல் ஓடும் நீரிலோ, போகிற படகின் பின்னாலோ நரம்பை நீளமாக விட்டுவிட்டுச் சுற்றி எடுத்தால் பெரும்பகுதி பிரிந்துவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியும், செய்தும் வருகிறேன். நகராத ரோலரை வைத்துக்கொண்டு எத்தனை நாள் செய்வது?

எனக்குக் கோபம் பிளாஸ்டிக் மேல்கூட இல்லை. பெட்டியில் பெரிய எழுத்தில் '10+1 பேரிங்' என்று போட்டிருக்கிறார்களே, அதன் மேல்தான். அந்த +1 என்பது கைப்பிடி பின்னால் சுற்றாமல் தடுக்கிற ஒருவழி பேரிங். மிச்சம் பத்தும் எங்கே? கழற்றிப் பார்த்தால் கைப்பிடிக் குமிழுக்குள்ளேயே இரண்டு இருக்கிறது! அவ்வளவு மெதுவாகச் சுற்றுகிற குமிழுக்கு இரண்டு, முப்பது மடங்கு வேகத்தில் சுற்றுகிற ரோலருக்குச் சைபர். இதில் தற்செயல் ஒன்றும் இல்லை. கடையில் ரீலைக் கையில் எடுக்கிற எவரும் முதலில் செய்வது கைப்பிடியைச் சுற்றிப் பார்ப்பதுதான். விர்ரென்று வழுக்கிக்கொண்டு சுற்றினால் 'அடடா' என்று வாங்கிவிடுவோம். நரம்பு போட்டு, பாரம் கொடுத்து யாரும் பார்ப்பதில்லை. ஆக, கடையில் கை தொடுகிற இடத்தில் காசைப் போட்டிருக்கிறார்கள், கை தொடாத இடத்தில் எடுத்திருக்கிறார்கள். ஷிமானோ நிறுவனத்தின் எஃப்எக்ஸ் ரீலில் 2+1தான். அந்தச் சின்ன எண்ணைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள்தான் பத்தைப் பார்த்து மயங்குகிறார்கள்.

எனவே கடைக்குப் போகிறவர்கள் ஒரு முழம் நரம்பைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ரோலர் மேல் அதைச் செங்கோணமாக மடித்து, இரு முனையையும் இறுக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். உருளை கூடவே சுழல வேண்டும். சறுக்கினால் வைத்துவிட்டு வாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

சரிசெய்ததை விலாவாரியாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரே ஒரு ஸ்க்ரூ. பசை போட்டு இறுக்கியிருந்ததால் கொஞ்சம் அடம்பிடித்தது. உள்ளே வாஷர்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று கழற்றும்போதே போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது. பிளாஸ்டிக் புஷ்ஷின் இடத்தில் 4 மி.மீ. உள் விட்டம், 7 மி.மீ. வெளி விட்டம், 2.5 மி.மீ. அகலமுள்ள பேரிங் ஒன்று அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. ஒவ்வொரு ரீலுக்கும் அளவு மாறும், வெர்னியர் அளவுகோலில் அளந்து பார்க்காமல் வாங்காதீர்கள். பள்ளம் விழுந்த உருளைக்குப் பதில், உள்ளே சக்கரம் தேய்ந்து போய் உதிரிக்காக வைத்திருந்த ஒரு பழைய ரீலின் உருளையைப் போட்டேன். இப்போது நரம்பு சத்தமில்லாமல் வருகிறது. இதற்கு ஆன செலவு, ரீல் விலைக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. அதை அவர்களே செய்திருக்கலாம் என்பதை நினைத்தால்தான் மறுபடி எரிச்சல் வருகிறது.

நண்பனுக்கு என்ன சொல்வது? மிதவை கட்டி, புழு கோத்து, குளக்கரையில் உட்காருகிறவன் என்றால் இந்த செட் தாராளமாகப் போதும். ரோலர் நின்றுபோனாலும் அவனுக்கு வெகுநாள் தெரியாது. நாள் முழுக்க லூர் வீசுகிறவனுக்கும், உப்புநீரில் பின்னல் நரம்பு போடுகிறவனுக்கும் போதாது. உப்புநீரிலிருந்து வந்ததும் ரீலை வாளியில் முக்கக் கூடாது, வேகமாகத் தண்ணீர் பீய்ச்சவும் கூடாது. உப்பை அதுவே உள்ளே தள்ளிவிடும். டிராக்கை இறுக்கி, மேலாக நல்ல தண்ணீர் விட்டு, துடைத்துக் காயவிட்டு, பிறகு டிராக்கைத் தளர்த்த வேண்டும். இதையெல்லாம் சொன்னேன்.

அவன் விடவில்லை. "ராட்டு நல்லாருக்குங்கிறே, டிராக்கு நல்லாருக்குங்கிறே, அப்ப வாங்கலாம்தானே?"

வாங்காதே என்றுதான் சொன்னேன். ராட் தனியாகக் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு. ரீலுக்கு இன்னும் கொஞ்ச நாள் காசு சேர்த்து, பேரிங் எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை, ரோலர் சுற்றுகிற ரீலாகப் பார்த்து எடு. கணக்குப் போட்டால் இந்த ரீல் பாஸ்தான், எனக்கும் தெரியும். ஆனால் பெட்டியில் பத்து என்று போட்டு விற்கிறவனுக்கு என் கையால் இன்னொரு ஆளைச் சேர்த்துவிட மனமில்லை.

"சரி, அப்ப உன்னோடத குடு, நான் ஓட்டிக்கிறேன்" என்றான். அதெல்லாம் முடியாது, இப்போதுதான் அது நன்றாக ஓடுகிறது.