ராமேசுவரத்தில் கடல் கயாக் பயணத்துக்குப் பணம் கட்டுமுன்

ராமேசுவரம், மண்டபம் பக்கம் கயாக் (துடுப்பால் செலுத்தும் சிறு படகு) ஓட்ட விரும்பி, விளம்பரம் பார்த்து முன்பணம் அனுப்பவிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆண்டு முழுவதும் ஒரே கரையிலிருந்து ஒரே வழியில் அழைத்துச் செல்வதாகச் சொல்லும் எந்த நிறுவனத்தையும் நம்பாதீர்கள். கடந்த ஜூலையில் என் மனைவியும் நானும் அப்படிப்பட்ட ஓரிடத்தில் முழுத் தொகையையும் கட்டி ஏமாற்றப்பட்டோம். பணம் போனதைவிட, உயிருக்கே ஆபத்தான இடத்தில் எங்களை விட்டுவிட்டதுதான் இதை எழுத வைக்கிறது.

பயிற்சி பெற்ற வழிகாட்டி கூடவே வருவார், இயந்திரப் படகு பின்தொடரும், இடையில் ஒரு தீவில் இறங்கிச் சாப்பிடலாம் என்றெல்லாம் விளம்பரத்தில் இருந்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் அடங்கியவை. வனத்துறையின் அனுமதியின்றி அவற்றில் கால் வைப்பது குற்றம். அதைவிட, அந்தத் தீவுகள் இருப்பது தென்கடலில்; எங்களை இறக்கியதோ வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கத்தில். கேட்டதற்கு, இன்றைக்குத் தீவு கிடையாது என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்கள்.

கொடுத்த கயாக், காயலில் ஓட்டுவதற்கான, மேலே உட்காரும் வகை. பின்பக்கத்து நீர்வடி துளையின் மூடி தொலைந்துபோயிருக்க, அந்த இடத்தில் பிளாஸ்டிக் பையைச் சுருட்டித் திணித்திருந்தார்கள். லைஃப் ஜாக்கெட்டின் கொக்கி உடைந்து நைலான் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது; உள்ளிருந்த நுரைப்பஞ்சை விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. மாற்றித் தரச் சொன்னபோது, இருப்பது இவ்வளவுதான், கட்டிய பணம் திரும்பாது என்றார்கள். வழிகாட்டி என்று காட்டப்பட்ட சிறுவன் துடுப்பைக் கையில் கொடுத்துவிட்டுக் கரையிலேயே நின்றுகொண்டான். பின்தொடரும் படகு வரவேயில்லை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே கச்சான் காற்று அடிக்கும் காலம். தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்றில் தென்கடல் கொந்தளித்துக் கிடக்க, ராமேசுவரம் தீவின் மறைவில் இருக்கும் வடகரையில் நீர் சலனமின்றித் தெரியும். ஆனால் அங்கே காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால், போகும்போது துடுப்புக்கு வேலையே இல்லாமல் இழுத்துச் சென்று, திரும்பும்போது முன்னேற விடாது. எங்களுக்கு நடந்ததும் அதுவே. பையின் ஓரமாகத் தண்ணீர் புகுந்து பின்பக்கம் தாழத் தொடங்க, எவ்வளவு தள்ளியும் கரை விலகிக்கொண்டே போனது. மீன்பிடித்துத் திரும்பிய நாட்டுப்படகுக்காரர்கள்தாம் கயிறு போட்டு இழுத்து வந்தார்கள். "கச்சானுக்கு வடகடல் கரையோரம் குளம் மாதிரிதான் கிடக்கும் தம்பி, அதை நம்பி உள்ளே போகக் கூடாது" என்று அவர்களில் பெரியவர் சொன்னார். டீசலுக்குக்கூட அவர்கள் காசு வாங்கவில்லை. அந்தப் பெரியவர் சொன்னது, பணம் வாங்கியவர்கள் சொல்லியிருக்க வேண்டிய சொல்.

ஆகவே பணம் கட்டுமுன் எந்தக் கடல், அன்றைக்கு எந்தக் காற்று என்று கேளுங்கள். வடகிழக்குப் பருவத்தில் வாடைக்காற்று வடகடலைக் கலக்கிவிடும். மார்ச் வாக்கில் இரு பக்கமும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அலை, காற்று முன்னறிவிப்பை இலவசமாக வெளியிடுகிறது. காற்று மணிக்கு 20 கி.மீ.யைத் தாண்டும் நாளில் புதியவர்களை இறக்கச் சம்மதிக்கும் நிறுவனம் எதுவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். கைபேசியை நீர்புகாப் பையில் வைத்து உடலோடு கட்டிக்கொள்ளுங்கள். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், விளம்பரப் படம் மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் பதிவு செய்யலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். ராமநாதபுரம்வரை அலைய வேண்டியதில்லை. நாங்களும் அவ்வாறே சென்னையில் மனு கொடுத்திருக்கிறோம். அது விசாரணையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை.